சந்தனம் மணத்த மணல்

மணலுக்கு ஞாபகம் உண்டு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்பதை ஒவ்வொரு மணல் துகளும் தனக்குள்ளே சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட மணலை மேலே மண் மூடிய நாளிலிருந்து அந்தச் சேமிப்பு தொடங்கும். இருட்டிலேயே அதை எடுத்து, இருட்டிலேயே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனால் தன் வயதைச் சொல்லிவிடும். நடுவில் வெளிச்சம் பட்டால் போச்சு. சேர்த்து வைத்தது முழுக்க அழிந்து, நேற்றுப் பிறந்த குழந்தைபோல் விழிக்கும்.

இதைப் பதினெட்டு வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் நடத்துகிறேன். பரீட்சையில் தப்பாக எழுதினால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் மார்க்கைக் குறைக்கிறேன். சொல்ல வேண்டிய ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டேன்.

லிங்கிக்குப் போகிற வழியில் இருக்கிறது கல்மேட்டுத் தோட்டம். பெயர்ப்பலகையில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பெயர், நம் ஆட்கள் வாயில் கல்மேடுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, இப்போது செம்பனையையும் கம்பெனி விற்றுவிட்டது. மிச்சம் இருப்பது முப்பத்தெட்டுக் குடும்பங்கள், இன்னமும் அந்தக் காலத்தில் தோட்டம் கட்டிய லயத்து வரிசை வீடுகளில். அவர்களுக்கு வீடு கட்டித் தருவதாகப் பதினைந்து வருஷமாகப் பேச்சு. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வரைபடம் வரும், பிறகு காணாமல் போகும். கடைசியில் நிஜமாகவே இடம் ஒதுக்கினார்கள். ஆற்றங்கரையில் பத்து ஏக்கர் சமதரை. அது சமதரை இல்லை என்பதுதான் வினை.

ஆறு எப்போதும் ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. கொஞ்ச காலம் மணலையும் கூழாங்கல்லையும் பரப்பிக்கொண்டு அகலமாக ஓடும். பிறகு தன் படுகையைத் தானே அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். முன்பு ஓடிய தளம் கரையில் ஒரு மேடையாக நின்றுவிடும். மறுபடி இறங்கினால் இன்னொரு மேடை. கல்மேட்டில் அப்படி இரண்டு. தண்ணீர் போட்ட தளம் சிமெண்டுத் தரைபோல் மட்டமாக இருக்க வேண்டும். இங்கே இரண்டு மேடைகளின் குறுக்கேயும் ஒரு படி போனது. மேலே, பழைய மேடையில் அந்தப் படி என் இடுப்பு உயரம். கீழே, இளைய மேடையில் முழங்கால் உயரம். அடியில் பூமி பிளந்து ஒரு பக்கம் மேலே ஏறினால்தான் இப்படி வரும். பழைய மேடை அதிகமாகவும் இளையது குறைவாகவும் உடைந்திருக்கிறது என்றால் அங்கே பூமி ஒரு தடவைக்கு மேல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப் பழகிப்போன இடம் மறுபடியும் நகரும்.

வீட்டுத்திட்ட வரைபடத்தை அந்தப் படியின் மேல் வைத்துப் பார்த்தேன். பதினோராம் நம்பர் வீட்டிலிருந்து பத்தொன்பதாம் நம்பர் வீடுவரை, படுக்கையறை குசினி என்று பார்க்காமல் நேராக அறுத்துக்கொண்டு போனது. அதில் பதினாலாம் நம்பர் பஞ்சாலையுடையது.

பஞ்சாலைக்கு ஐம்பத்திரண்டு வயது. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள். புருஷன் சன்னாசி, குலை வெட்டும்போது ஒரு குலை முதுகில் விழுந்து ஒன்பது வருஷமாகப் படுக்கை. இடம் ஒதுக்கிய வருஷம் ஜூன் மாதம் இரண்டு தடவை நிலம் லேசாக ஆடியது. தெமியாங்கில் என் வீட்டில் கோப்பை தட்டோடு கிலுகிலுத்தது, அவ்வளவுதான். கல்மேட்டில் நாலைந்து லயத்துச் சுவர்கள் வெடித்தன. சுமத்ராவில் எங்கோ ஆடியிருக்கும், அதன் வால் இது என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் போய்ப் பார்த்தேன். அப்போது வெடித்த சுவரைக் காட்ட என்னைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனவள் பஞ்சாலை.

"எல்லாரும் வெளிய ஓடிட்டாங்க சார். நான் இவரு ரெண்டு கக்கத்துலயும் கையக் குடுத்து இழுத்தேன். வாசப்படி வரைக்கும்கூட வரல, அதுக்குள்ள நின்னுடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருந்தா?"

கட்டிலில் கிடந்த சன்னாசி அவளைப் பார்த்து, "இவ இழுத்த இழுப்புல இருக்கிற முதுகும் போயிருக்கும் சார்" என்றான். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பதினாலாம் நம்பர் வீடு தாங்குமா தாங்காதான்னு மட்டும் சொல்லுங்க சார். ரெம்பாவுல என் தங்கச்சி நீலாவதி வீட்டுல பின்னால ஒரு ரூம் சும்மா கெடக்கு. வாக்கான்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கா. மண்ணு சரியில்லன்னா வீடே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு இவரத் தூக்கிக்கிட்டு அங்க போயிடுவேன். ஓட முடியாத ஆள வெச்சுக்கிட்டு நான் வெளையாட முடியாதுலா."

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று ஆயிற்று. வீட்டுத்திட்டக் குழுவில் ஒரு பொறியாளர் நியாயமான ஆள். பத்தாயிரம் வருஷத்துக்குள் அங்கே பூமி நகர்ந்ததாக ஆய்வுக்கூடத்துத் தாளில் ஓர் எண் வந்தால் வீடுகளைச் சாலைக்கு அந்தப் பக்கம், பழைய நாற்றங்கால் மேட்டுக்கு மாற்றலாம் என்றார். எண் இல்லாவிட்டால் வரைபடம் அப்படியே நிற்கும். நவம்பர் கூட்டம்தான் கடைசி. பள்ளம் தோண்டிப் பார்க்க ஒரு வாரம் கொடுத்தார்கள். அதற்கு மறுநாளே, கூட்டத்துக்குக் காத்திராமல், குத்தகைக்காரர் நிலத்தைச் சமப்படுத்தத் தொடங்குவார்.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ரவிச்சந்திரனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. லாரி ஓட்டுகிறவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"பத்தாயிரம் வருஷமா? எங்க பாட்டன் கப்பல விட்டு எறங்கியே இன்னும் நூறு வருஷம் ஆகல சார். நீங்க மண்ணத் தோண்டித் தோண்டி, இந்தத் தடவையும் வரைபடம் காணாமப் போவுதா இல்லியா பாருங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனாலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

எஸ்கவேட்டர் வைத்துப் படிக்குக் குறுக்கே பள்ளம் வெட்டினோம். இரண்டு ஆள் ஆழம். பள்ளத்துச் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்ததும் எல்லாம் தெரிந்தது. கூழாங்கல் படுகை, அதன் மேல் வெள்ளை மணல், அதன் மேல் களிமண். மூன்றும் ஓரிடத்தில் பட்டென்று அறுந்து, அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு மேலே போய் மறுபடி தொடங்கின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருஷம் படங்களில் பார்த்ததைக் கையால் தொட்டால் எந்த மடையனுக்கும் வரும். பஞ்சாலை பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுதானா சார்?"

"இதுதான் அக்கா. அந்த வெள்ளை மணலுக்கு என்ன வயசோ, அதுக்கப்புறம்தான் இது உடைஞ்சிருக்கு."

"அது வாயத் தொறந்து சொல்லணும்," என்றாள்.

ஐந்து குழாய்களைச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் அடித்து இறக்கி, மணலோடு உருவி எடுத்து, இரண்டு முனையிலும் கறுப்புப் பிளாஸ்டிக்கை அடைத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் என் நண்பன் ஹேமநாதன் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தான். அன்று வியாழன். நான் நேராக ரெம்பாவில் ஒரு சர்ச் கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும். வெள்ளைச் சட்டை காரில் தொங்கியது. சேறு படிந்த குழாய்களைக் காருக்குள் ஏற்ற மனசு வரவில்லை. ஆயாக் கொட்டகை, அதாவது அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம், இப்போது பூட்டிக் கிடந்தது. அதன் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. சாவி பஞ்சாலையிடம். மண்வெட்டி, சுத்தியல், அளவுகோல்களோடு குழாய்களையும் அங்கே வைத்தேன்.

"பத்திரம் அக்கா. யாரையும் தொட விடாதீங்க," என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. எங்கள் தாத்தா செல்லப்பா இதே வட்டாரத்தில் தோட்டக் கிராணியாக, ஆட்களுக்குப் பேர் போட்டு வேலை ஏவுகிறவராக இருந்தவர். ஆட்களிடம் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அந்தத் திமிர் மூன்று தலைமுறை தாண்டியும் என்னிடம் இருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை பாடம் நடத்தக் காரில் போய்க்கொண்டிருந்தபோது பஞ்சாலையிடமிருந்து போன் வந்தது. பக்கத்தில் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான்.

"சார், இன்னிக்கு ஆயுத பூஜ. முனியாண்டி கோயில்ல எல்லாரும் அவங்கவங்க சாமானக் கொண்டாந்து வெக்கிறாங்க. உங்க சாமானும் இங்கதான் கெடக்கு. வெச்சுப் படைச்சுடவா?"

நாங்கள் மெதடிஸ்ட் சபைக்காரர்கள். பூஜை என்றால் சுண்டல் வரும் என்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். மண்வெட்டிக்குப் பொட்டு வைத்தால் என்ன குறைந்துவிடப்போகிறது?

"தாராளமா வைங்க அக்கா. எல்லாத்தையும் வைங்க."

சனிக்கிழமை காலை எதற்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று கல்மேட்டுக்குப் போனேன். பஞ்சாலை கொட்டகையைத் திறந்துவிட்டாள். மண்வெட்டியில் சந்தனம், சுத்தியலில் சந்தனம். ஐந்து குழாய்களும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகுதான் முனையில் சுற்றியிருந்த டேப்பைக் கவனித்தேன். நான் சுற்றியது கறுப்பு. இது நீலம்.

"அக்கா, டேப்பு?"

"பழசு பிய்ஞ்சு போச்சு சார், கத்தியில அறுத்தேன்ல. கடையில புதுசு வாங்கிச் சுத்திட்டேன். நல்லா இறுக்கிச் சுத்தியிருக்கேன், பாருங்க."

"எதுக்கு அறுத்தீங்க?"

அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை. "மூடிக் கட்டி வெச்சா சாமி எப்படி சார் பாக்கும்? லாரிக்கே பானட்டத் தொறந்து இஞ்சினுக்குத்தான பொட்டு வெக்கிறோம். மண்வெட்டி போவட்டும், அது வெறும் இரும்பு. இந்த மண்ணுதான நமக்காகப் பேசப் போவுது? அதான் கோயில் வாசல்ல அஞ்சு தலவாழ இல போட்டு, ஒவ்வொண்ணா கொட்டி, பரப்பி, சந்தனம் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டுனேன். ஒண்ணோட ஒண்ணு கலக்கல சார், சத்தியமா. எந்த இலையில இருந்து எடுத்தனோ அதே கொழாயில போட்டேன். பக்கத்துலயே குந்திக்கிட்டு இருந்தேன், ஒரு கோழியக்கூட அண்ட விடல."

"எவ்வளவு நேரம்?"

"காலையில எட்டு மணிக்கு வெச்சது. பூச முடிய ஒரு மணி ஆயிருச்சு. நல்ல வெயில் சார் நேத்து, மண்ணு நல்லாக் காஞ்சிருச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் பதறிப்போய்ப் பச்சைத்தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. வேறு ஒருத்தியும் அந்த மண்ணை அத்தனை பயபக்தியோடு தொட்டிருக்க மாட்டாள். கோபப்படுவதற்குக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை, என்னைத் தவிர.

ஆற்றங்கரைக்கு ஓடினேன். மறுபடியும் நாலு குழாய் அடித்துவிடலாம் என்ற நினைப்பு. ஒரு வாரக் கெடு முடிந்து பள்ளத்தை மூடிவிட்டிருந்தார்கள். இரண்டு புல்டோசர்கள். படியையும் காணோம், மேடையையும் காணோம். வெள்ளை மணலையெல்லாம் வழித்துத் தாழ்ந்த பக்கத்தில் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அதே கோட்டில் கீழே போனால் கரையை ஆறு தின்றுவிட்டது. மேலே போனால் செம்பனை நடும்போதே மலைச்சரிவை வெட்டிக் குதறியிருக்கிறார்கள். பத்தாயிரம் வருஷம் பொறுமையாக உட்கார்ந்திருந்த சாட்சியம் இரண்டே நாளில் போய்விட்டது. பாதியை டீசலும் பாதியைக் கற்பூரமும் கொண்டுபோயின.

ஹேமநாதனுக்குப் போன் போட்டேன். வேறு யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன். "அஞ்சு மணி நேரம் வெயில்ல கிடந்தா மணல் என்ன வயசு காட்டும்?"

"என்ன வயசு? சைபர்தான். நேத்து ஆறு கொண்டாந்து போட்டதுன்னு சொல்லும். ஏன்டா கேக்கிற?"

"ஒரு பையன் பரீட்சையில எழுதியிருக்கான்."

போனை வைத்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது. சைபர். எனக்கு வேண்டியது பத்தாயிரத்துக்குக் கீழே ஓர் எண். உடைந்த மணல் நேற்றைய மணல் என்றால் உடைப்பும் நேற்றையது. முப்பத்தெட்டு வீடுகளும் மேட்டுக்குப் போய்விடும். ஐந்தையும் அனுப்பினால் வெவ்வேறு ஆழத்து மணல் ஐந்தும் ஒரே வயசு காட்டிக் கூத்து வெளிப்பட்டுவிடும். ஒன்றே ஒன்றை அனுப்பினால்? மற்ற நாலும் வழியில் உடைந்துவிட்டன என்று சொல்லிவிட்டால்?

பொய் எண்தான். ஆனால் உண்மை எண்ணும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் வந்திருக்கும் என்று என் கண்ணால் பார்த்தேனே, அந்தப் பள்ளத்தில். இப்படியெல்லாம் இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை மூன்றாவது குழாயைத் துடைத்து, நீல டேப்பை அறுத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் காப்பியடித்தவன் இல்லை நான்.

மூன்று வாரம் கழித்து ஹேமநாதன் கூப்பிட்டான். வழக்கமான 'டா' இல்லாமல் பேசினான், அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"சஞ்சீவ், என் இருட்டறை உனக்குத் தெரியும். சின்னச் சிவப்பு பல்பு ஒண்ணுதான். அதுல குங்குமம் கண்ணுக்குத் தெரியாது. உன் குழாயைத் திறந்தேன். அறை பூரா சந்தனம் மணக்குது. எங்கம்மா சாமி ரூம்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு."

எழுந்து போய் என் அறைக் கதவைச் சாத்தினேன்.

"தெரிஞ்சுதான் கொண்டாந்து குடுத்தியா?"

"ஆமா."

"மாதிரி சோதனைக்கு ஏற்றதல்லன்னு மட்டும் எழுதறேன். வேற எதையும் எழுத மாட்டேன். ஆனா இனிமே நீ அனுப்புற எதையும் நான் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான். அன்றோடு அந்த நட்பும் முடிந்தது.

நவம்பர் கூட்டம் இருபது நிமிஷம்கூட நடக்கவில்லை. பள்ளத்தின் புகைப்படங்களைக் காட்டினேன். வரைந்து காட்டினேன். கெஞ்சவும் செய்தேன். அந்த நியாயமான பொறியாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண் எங்கே, டாக்டர்?" என்றார். எண் இல்லை. வரைபடம் கையெழுத்தானது. வெளியே ரவிச்சந்திரன் கை நீட்டினார். நானும் குலுக்கினேன்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க சார், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த மண்ணு கெட்டுப் போச்சாமே? உள்ள பேசிக்கிட்டாங்க."

அவர் அதைத் தோட்டத்தில் போய்ச் சொல்வதற்குள் நான் போயிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனேன். பஞ்சாலை லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிடவில்லை என்று சன்னாசி உள்ளேயிருந்து கத்தினான். அவள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"சார், ரவிச்சந்திரன் என்னமோ சொல்றாரு. மண்ணு கெட்டுப் போச்சுன்னு. நான் தொறந்ததாலயா சார்? நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?"

அவளிடம் இரண்டு உண்மைகளைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று, அந்த வீட்டுக்குப் போகாதே. இன்னொன்று, முப்பத்தெட்டுக் குடும்பமும் அங்கே போவது உன் கையால். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். போகாதே என்றால் ஏன் எண் வரவில்லை என்று கேட்பாள். குற்றம் என்னுடையது, நான்தான் சொல்லவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் ஏறாது. அவள் கண்ணுக்கு அந்த ஐந்து வாழையிலை மட்டும்தான் தெரியும், சாகிறவரைக்கும்.

இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேன். அப்போது இவ்வளவு யோசிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தேன், வாய் தானாகப் பேசியது.

"சேச்சே, கெட்டெல்லாம் போகல அக்கா. யாரு சொன்னது? மண்ணு சொல்லிடுச்சு. ரொம்பப் பழைய மண்ணு. அது உடைஞ்சு லட்சக்கணக்கான வருஷம் ஆச்சாம். இனிமே அசையாது."

"நெஜமாவா சார்?"

"நெஜமா."

"அப்போ பதினாலாம் நம்பர்?"

"பயமில்ல."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து போய் எனக்கு மைலோ கலக்கிக்கொண்டு வந்தாள். "முனியாண்டி கண்ணத் தொறந்துட்டாரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அந்த மைலோவை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வீடுகள் கட்டி முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு மாதமும், அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எப்படியாவது நைசாக, வீட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி, இல்லை நீலாவதி வீட்டுக்குப் போகச் சொல்லி. சாவி கொடுத்த பொங்கல் வாரத்தில் பஞ்சாலை என்னைக் கூப்பிட்டாள். போனேன். மஞ்சள் பெயின்ட், தரைக்கு டைல்ஸ். முப்பது வருஷமாக அடுப்புப் புகையில் கறுத்த லயத்துச் சுவரைப் பார்த்த கண்ணுக்கு அது அரண்மனைதான். சன்னாசியின் கட்டிலைக் காற்று வருகிறதென்று பின்பக்க அறையில் ஜன்னலோரமாகப் போட்டிருந்தாள். வரைபடம் எனக்கு மனப்பாடம். படி போன இடம் அந்த ஜன்னலோரம்தான்.

"நீலாவதி எப்படி இருக்காங்க?" என்று ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்கா சார். அந்த ரூம வங்காளதேசப் பையனுங்க நாலு பேருக்கு வாடகைக்கு விட்டுட்டா. நான்தான் விடச் சொன்னேன். நமக்கு இனிமே எதுக்கு?"

கட்டிலை முன்னறையில் போடலாமே என்று மட்டும் சொன்னேன். முன்னறையில் டிவிக்கு இடம் வேண்டும் என்று சன்னாசி சொல்லிவிட்டான். லட்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த மாதம், பதினேழாம் தேதி மத்தியானம் இரண்டேகால் மணி. வகுப்பு முடிந்து அறையில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் இருந்த பேனா உருண்டு தரையில் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி சத்தம் போட்டது. எண்ணினேன், ஒன்பது வினாடி. உடனே பஞ்சாலையைக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். இருபது நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள். குரலில் பதற்றமே இல்லை.

"சார், ஆடுச்சு. போன தடவைய விடக் கொஞ்சம் ஜாஸ்திதான்."

"எங்க இருக்கீங்க? வெளியவா?"

"வீட்டுலதான் சார். எல்லாரும் ரோட்டுக்கு ஓடிட்டாங்க. ரவிச்சந்திரன் வாசல்ல நின்னு கத்துறாரு, வெளிய வா வெளிய வான்னு. நான் போகல. இவரு கட்டில்ல பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டேன்."

"சுவர் எப்படி இருக்கு?"

"ஒரு கோடு விட்டுருக்கு சார். இவரு தலமாட்டுல, மேலேருந்து கீழ வரைக்கும். தரையில ஒரு டைல்ஸ் லேசா மேல தூக்கிக்கிட்டு நிக்குது. புது வீடுல்ல, அப்படித்தான் செட் ஆவும்னு நான் சொன்னேன்."

"அக்கா."

"சொல்லுங்க சார்."

வெளியே போங்கள் என்று சொல்ல வேண்டும். எங்கே போவாள்? அவனை யார் தூக்குவார்கள்? நீலாவதி வீட்டு அறையில் நாலு பேர் இருக்கிறார்கள். இத்தனை நாள் எதை நம்பி உட்கார்ந்திருந்தாளோ அதை இப்போது பிடுங்க வேண்டும். பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது.

"ஒண்ணும் இல்ல அக்கா. சிமெண்டு காயும்போது அப்படி வரும்."

"அதான் சார். இவருதான் பயந்துட்டாரு, ஒடம்பெல்லாம் நடுங்குச்சு. 'இது பழைய மண்ணு, சார் பாத்துச் சொல்லிட்டாரு, அசையாது'ன்னு சொன்னேன். இப்பத்தான் தூங்குறாரு."